மாஸி 1035-க்கு முழு இன்ஜின் வேலை: கம்பெனி சாமானா, மார்க்கெட் சாமானா?

மன்னை உழவன்

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். வீட்டில் இருப்பது மாஸி பெர்குசன் 1035, சிம்ப்சன் மூன்று சிலிண்டர் இன்ஜின். அப்பா எடுத்த வண்டி. சொந்த நிலம் கொஞ்சம்தான், மீதி நேரமெல்லாம் வாடகை உழவு. சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரமான கேஜ் வீல் மாட்டிவிட்டால் சீசன் முடியும் வரை சேற்றைவிட்டு ஏறாது.

போன சம்பாவிலிருந்தே ஆயில் குடிக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறது, ஆனதும் நீலப் புகை. பிரீதர் குழாய்க்கு நேரே கையை வைத்தால் காற்று அடிப்பது நன்றாகத் தெரிகிறது. இன்ஜின் சூடேறிய பிறகு ஆயில் பிரஷர் முள் பாதிக்குக் கீழே வந்துவிடுகிறது. ரிங் மட்டும் மாற்றி இந்த வருடம் ஓட்டிவிடலாம் என்று பக்கத்து ஊர்க்காரர் சொன்னார். எங்கள் மெக்கானிக் முழு வேலைதான் என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு வண்டி வயலில் நிற்க வேண்டும்.

இப்போது சிக்கல் சாமான் விஷயத்தில். மெக்கானிக் இரண்டு பட்டியல் கொடுத்திருக்கிறார். பிஸ்டன், ஸ்லீவ், ரிங், மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங், வால்வு, கைடு, கேஸ்கட் செட், ஆயில் பம்ப், நாசில் என்று எல்லாமே கம்பெனி பெட்டியில் வாங்கினால் ஒரு தொகை. மார்க்கெட் சாமான் என்றால் கிட்டத்தட்ட அதில் பாதி. கடைக்காரர் ஒருவர் "ரெண்டும் ஒரே சரக்குதான் தம்பி, பெட்டிதான் வேற" என்கிறார். இன்னொரு கடையில் கேட்டால் "லோக்கல் போட்டா ஒரு போகம்கூடத் தாங்காது" என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? பணம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்ப இன்ஜினைப் பிரிக்கும் நிலை வரக் கூடாது. எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி டிராக்டர்

எல்லாமே கம்பெனி பெட்டியில் போடுங்கள். யோசிக்கவே வேண்டாம். நான் வைத்திருப்பது மூன்று வண்டி, எல்லாம் வாடகைக்குத்தான் ஓடுகிறது. சீசனில் ஒரு வண்டி நின்றால் போவது அந்த நாள் வாடகை மட்டுமில்லை. அந்த வாடிக்கையாளர் அடுத்த வருடமும் வேறு ஆளைத்தான் கூப்பிடுவார். சாமானில் மிச்சம் பிடிக்கிற பணம் அங்கே போய்விடும். மெக்கானிக் கூலியும் இரண்டாவது முறை யாரும் இலவசமாகச் செய்து தரப் போவதில்லை.

திருச்சி போரிங் பட்டறை

தம்பி, திருச்சியில் போரிங் பட்டறை வைத்திருக்கிறேன். டிராக்டர், லாரி, ஜெனரேட்டர் என்று டீசல் இன்ஜினின் உடம்பான பிளாக்கும், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க்கும்தான் என் பிழைப்பு. நீங்கள் கேட்ட கேள்வியோடு தினமும் யாராவது ஒருவர் வந்து நிற்பார். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், இன்ஜினைப் பிரித்து அளக்காமல் எழுதிய பட்டியலை வைத்து எதையும் வாங்காதீர்கள். பேரிங் ஸ்டாண்டர்டா, 10 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அண்டர்சைஸா, 20 தௌவா என்பது கிராங்கை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். பிஸ்டன் ஓடும் குழலான ஸ்லீவைப் பிடுங்கிய பிறகு பிளாக்கின் துளை தேய்ந்திருந்தால் வெளிவிட்டம் பெரிதான ஸ்லீவ் வேண்டும். அதையும் பிரித்தால்தான் சொல்ல முடியும். அளக்காமல் வாங்கின சாமானைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை என்பதற்காகவே அதைப் பூட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கம்பெனி சாமானாகவே இருந்தாலும் இன்ஜினுக்குக் கேடுதான்.

அடுத்து, கம்பெனி சாமான் என்றால் என்ன? டிராக்டர் கம்பெனி எல்லாச் சாமானையும் தானே செய்வதில்லை. எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. உங்கள் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். டிராக்டர் செய்கிற டாஃபேவும் இன்ஜின் செய்கிற சிம்ப்சனும் ஒரே அமால்கமேஷன்ஸ் குழுமம். சிம்ப்சன் 1840-ல் குதிரை வண்டி கட்டுவதில் தொடங்கிய சென்னைக் கம்பெனி, 1950-களில் இங்கிலாந்தின் பெர்கின்ஸிடம் உரிமம் வாங்கி டீசல் இன்ஜின் செய்ய ஆரம்பித்தார்கள். பிஸ்டன் செய்கிற இந்தியா பிஸ்டன்ஸ், ரிங் செய்கிற ஐ.பி. ரிங்ஸ், கோயம்புத்தூரில் ஆலை வைத்துப் பேரிங் செய்கிற பைமெட்டல் பேரிங்ஸ் எல்லாம் அதே குழுமம்தான். இவர்கள் வண்டிக் கம்பெனிகளுக்கும் சப்ளை செய்கிறார்கள், சொந்தப் பெயரில் பெட்டி போட்டு மார்க்கெட்டிலும் விற்கிறார்கள். ஆகவே "ரெண்டும் ஒரே சரக்கு" என்று உங்கள் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. அவர் கையில் எடுத்துக் காட்டிய பெட்டி இப்படி வண்டிக் கம்பெனிக்குச் சப்ளை செய்கிறவர்களின் பெட்டியா என்பதுதான் மீதிப் பாதி. அதைப் பெயர் படித்து நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மார்க்கெட் சாமான் என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் சப்ளையர் தன் பெயரில் விற்பதும் அடக்கம். ராஜ்கோட்டிலும் லூதியானாவிலும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற அளவுக்கு நல்ல பட்டறைகள் போடுவதும் அடக்கம். பெயரே இல்லாத பெட்டியும் அடக்கம், கம்பெனி பெட்டியைப் போலவே அச்சடித்த டூப்ளிகேட்டும் அடக்கம். முதல் இரண்டை நம்பிப் பூட்டலாம். கடைசி இரண்டை என் பட்டறைக்குள் கொண்டுவந்தால் நான் வேலையே எடுக்க மாட்டேன்.

இனி ஒவ்வொன்றாக.

பேரிங்கில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீர்கள். மெயின் (கிராங்கைத் தாங்குவது), பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ் முனையில் இருப்பது), த்ரஸ்ட் வாஷர் (கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பது) மூன்றும் கம்பெனி பெட்டி, இல்லையென்றால் பெயர் உள்ள சப்ளையர் பெட்டி. பார்க்க வெறும் அரை வளையத் தகடாக இருக்கும். ஆனால் இரும்பு முதுகு, அதன்மேல் செம்பு ஈயக் கலவை, அதற்கும் மேலே மிக மெல்லிய ஒரு பூச்சு என்று அடுக்கடுக்காகச் செய்தது அது. கிராங்க் உரசும்போது தான் தேய்ந்து கிராங்கைக் காப்பாற்றுவது அந்தப் பூச்சுதான். ஆயிலோடு வரும் நுண்ணிய துகளைத் தனக்குள் அமுக்கி வைத்துக்கொள்வதும் அதுதான். பெயரில்லாத பேரிங்கில் அந்தப் பூச்சு பட்டும் படாமலும் இருக்கும், முதுகுத் தகட்டின் வளைவும் சரியாக இருக்காது. பேரிங் மூடியான கேப்பை முறுக்கும்போது ஷெல் (அந்த அரை வளையம்) துளையோடு இறுகி உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் சூடு வெளியே போகாது, ஷெல் சுற்றிக்கொள்ளும். சில நூறு ரூபாய்ச் சாமான் கிராங்கையும் கனெக்டிங் ராடையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். நான் எந்தச் சாமானுக்கும் இந்தக் கணக்கைத்தான் பார்ப்பேன்: இது போனால் கூட எதெல்லாம் போகும்?

டீசலைத் தெளிக்கும் நாசிலும் இதே கணக்குதான். நாசில் ஊசிக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். எல்லோராலும் அதைச் செய்துவிட முடியாது. சொட்டுகிற நாசிலைப் போட்டால் டீசல் சரியாக எரியாது, ஸ்லீவ் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும், பிஸ்டன் தலை கருகும். புதுப் பிஸ்டன் போட்டுவிட்டு நாசிலில் சிக்கனம் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. பாஷ் போடுங்கள், நம்மூரில் பழைய பெயரில் இன்னும் மைக்கோ என்றே கேட்பார்கள். அல்லது உங்கள் டீசல் பம்ப் எந்தக் கம்பெனியோ அதன் நாசில். போட்டதும் டெஸ்டரில் திறக்கும் பிரஷரையும் தெளிப்பையும் பார்த்து வாங்குங்கள். பம்ப்பையும் அப்போதே கேலிபரேஷனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிஸ்டன், ஸ்லீவ், ரிங். இங்கேதான் உங்களுக்குக் காசு மிச்சமாகும். சப்ளையர் தன் பெயரில் போடுகிற செட்டைத் தைரியமாக வாங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: மூன்றும் ஒரே பெயரில் இருக்கட்டும். பிஸ்டன் ஒரு பெயர், ரிங் ஒரு பெயர், ஸ்லீவ் வேறொரு பெயர் என்று கலக்க வேண்டாம். ஒவ்வொருவர் பிஸ்டனும் சூட்டில் விரிகிற அளவு வேறு. ஸ்லீவை எவ்வளவுக்கு ஹோனிங் (உட்புறத்தைக் கல்லால் நுணுக்கமாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது) செய்வது என்பதை நான் பிஸ்டனை அளந்துதான் முடிவு செய்வேன். அதனால் பிளாக்கோடு பிஸ்டனையும் கொண்டுவராமல் சைஸை மட்டும் போனில் சொல்லி வேலை செய்யச் சொன்னால் எந்த நல்ல பட்டறைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வாங்கும்போதே இரண்டைப் பாருங்கள். பிஸ்டன் மூன்றையும் நகைக்கடைத் தராசு போல கிராம் காட்டும் தராசில் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். நல்ல செட்டில் ஒன்றுக்கொன்று சில கிராம்தான் வித்தியாசம் இருக்கும். அதற்குமேல் போனால் இன்ஜின் அதிரும். இன்னொன்று, பிஸ்டனில் பின் (pin) மாட்டும் துளையிலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரத்தைப் பழைய பிஸ்டனோடு வைத்துப் பாருங்கள். டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது பிளாக் முகத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பது முக்கியம். உயரம் கூடினால் வால்வில் தட்டும், குறைந்தால் கம்ப்ரஷன் குறைந்து காலையில் ஸ்டார்ட்டிங் மறுபடி தகராறு. பூட்டியபின் டயல் கேஜில் அளந்து மேனுவலில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய பெர்கின்ஸ் வழி வந்த இந்த மூன்று சிலிண்டர் இன்ஜின்களில் வருவது ட்ரை ஸ்லீவ். தண்ணீர் அதன்மேல் நேராகப் படாது, பிளாக்குக்குள் இறுக்கமாகப் பிரஸ் செய்து உட்கார வைப்பது. சுத்தியலால் அடித்து இறக்குகிறவர் கையில் கம்பெனி ஸ்லீவைக் கொடுத்தாலும் அது நெளிந்துதான் உட்காரும். பிரஸ் உள்ள இடத்தில் கொடுங்கள். ஏற்றிய பிறகு மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் இரண்டு திசையில் போர் கேஜ் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரிங்கை ஸ்லீவுக்குள் விட்டு வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். விட்டம் 100 மி.மீ.க்கு 0.3 முதல் 0.4 மி.மீ. என்பது பொதுவான கணக்கு, உங்கள் மேனுவலில் உள்ளதே கடைசி வார்த்தை. இடைவெளி போதாமல் பூட்டினால் சூட்டில் ரிங்கின் இரண்டு வாயும் முட்டி உடையும். அப்போது ரிங்கின் மேல்தான் பழி போடுவார்கள்.

ஹெட் கேஸ்கட்டும் பின்பக்க ஆயில் சீலும் கம்பெனி பெட்டியில் வாங்குங்கள். பின்பக்கம் கயிறு மாதிரி வருகிற ரோப் சீல் என்றால் அதைப் படிய வைத்து நுனியை வெட்டுவதில் பழக்கம் உள்ளவர் போட வேண்டும். அது ஒழுகினால் ஆயில் கிளட்ச் பக்கம் இறங்கும், பிறகு வண்டியை நடுவில் பிரித்தால்தான் தீர்வு. அதனால்தான் கேஸ்கட் செட்டின் மொத்த விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம் என்கிறேன்.

வால்வும் கைடும் நல்ல பெயர் உள்ள மார்க்கெட் சாமான் போதும். ஹெட்டை முதலில் வெடிப்பு இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்த பிறகு வால்வு வாங்குங்கள். ஆயில் பம்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டியதில்லை. பிரித்து ரோட்டர் இடைவெளியை அளந்தால் பழையதே நன்றாக இருக்கக்கூடும். பெயரில்லாத புதுப் பம்ப்பைவிட அளவு சரியாக உள்ள பழைய ஒரிஜினல் எவ்வளவோ மேல். ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப், வாட்டர் பம்ப் கிட் இவையெல்லாம் வெளியிலிருந்து எட்டுகிற சாமான்கள். போனாலும் வயல் ஓரத்திலேயே மாற்றிவிடலாம். இதில் தாராளமாக மார்க்கெட்டில் எடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. இன்ஜின் சூடேறாமலே ஓடினால் ஸ்லீவ் சீக்கிரம் தேயும். உங்கள் வண்டியில் இல்லையென்றால் இப்போதே ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.

பொள்ளாச்சிக்காரர் சொன்னதையும் நான் மறுக்கவில்லை. வாடகை வண்டிக்கு நிற்கிற நேரம்தான் பெரிய செலவு. ஆனால் கம்பெனி பெட்டி என்று நினைத்து டூப்ளிகேட்டை முழு விலைக்கு வாங்கி வருகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். அளந்து பார்க்காவிட்டால் அந்தப் பெட்டியும் உங்களைக் காப்பாற்றாது. சாமானில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை அளவுக்கும் மெஷின் வேலைக்கும் ஒதுக்குங்கள். இன்ஜின் நாள்பட ஓடுவது அங்கேதான் தீர்மானமாகிறது.

பார்ட்ஸ் கவுண்டர், விழுப்புரம்

ஐயா விரிவாகச் சொல்லிவிட்டார். நான் டிராக்டர் ஸ்பேர்ஸ் கவுண்டரில் வேலை செய்கிறவள், வாங்குகிற இடத்தில் கவனிக்க வேண்டியதை மட்டும் சேர்க்கிறேன்.

கடைக்கு வரும்போது "1035-க்கு பிஸ்டன் கொடுங்க" என்று கேட்காதீர்கள். ஒரே மாடல் பெயரில் வருடத்துக்கு வருடம் இன்ஜினில் மாற்றம் வந்திருக்கும். இன்ஜின் நம்பரைத் துடைத்துப் போட்டோ எடுத்து வாருங்கள். அந்த நம்பரை வைத்துப் பார்ட் நம்பர் எடுப்போம். அந்தப் பார்ட் நம்பரை எழுதி வைத்துக்கொண்டால் எந்தக் கடையிலும் சரிபார்க்கலாம். கேஸ்கட் செட்டில்தான் அதிகம் மாறிப்போகிறது.

பெட்டியில் பார்ட் நம்பர், விலை, தேதி எல்லாம் ஒட்டிய லேபிளில் தெளிவாக இருக்க வேண்டும். சாமானைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல பேரிங் ஷெல்லின் முதுகில் பெயரும் சைஸும் அடித்திருப்பார்கள், பிஸ்டன் தலையில் சைஸ் இருக்கும். பெட்டியில் ஒரு சைஸும் சாமானில் வேறு சைஸும் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ஹோலோகிராம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம், அதையும் போலியாக அடிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்கிற இடத்தில் பேரிங்கும் நாசிலும் வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொன்று, மே மாதக் கடைசியில் டெல்டாக்காரர்கள் எல்லோரும் ஒரே சாமானுக்கு வருவார்கள். அண்டர்சைஸ் பேரிங் அப்போது கையிருப்பில் இல்லாமல் ஆர்டர் போட வேண்டியிருக்கும். ஸ்டாக் இல்லை என்று அவசரத்தில் கிடைத்ததை வாங்கிப் பூட்டுகிறவர்கள்தான் அதிகம். இன்ஜினை இந்த மாதமே பிரித்துவிடுங்கள்.

மன்னை உழவன்

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி சாமான் எதுவும் வாங்காமல் முதலில் பிரித்துவிட்டோம். தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் அளந்து எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்று ஸ்லீவும் மேல் பக்கம் தேய்ந்திருக்கின்றன. அதிகம் தேய்ந்தது நடு சிலிண்டர், 0.23 மி.மீ. பிளாக் துளை நன்றாக இருக்கிறது, சாதாரண ஸ்லீவே போதும் என்கிறார்கள். கிராங்கில் மெயின் ஜர்னல் (மெயின் பேரிங் உட்காரும் இடம்) எல்லாம் அளவுக்குள் இருக்கின்றன. பிக் எண்ட் பின்னில் ஒன்று மட்டும் முட்டை வடிவமாகத் தேய்ந்து 0.06 மி.மீ. வித்தியாசம் காட்டுகிறது. மற்ற இரண்டும் பரவாயில்லை. ஹெட்டில் வெடிப்பு இல்லை. ஆயில் பம்ப் அளவும் சரியாகவே இருக்கிறது.

இரண்டு சந்தேகம். அந்த ஒரு பின்னை மட்டும் கிரைண்டிங் செய்தால் போதுமா, இல்லை கிராங்க் முழுவதுமா? அடுத்து, ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாயில் அடிப்பக்கம் விரிசல் இருந்ததை மெக்கானிக் காட்டினார். தேய்மானத்துக்கு அதுதான் காரணமாக இருக்குமா?

திருச்சி போரிங் பட்டறை

அந்த விரிசல் போதும் தம்பி. கோடை உழவில் கிளம்புகிற புழுதி ஏர் கிளீனரின் அடியில் ஆயில் நிற்கிற ஆயில் பாத்தில் படியாமல் நேராக உள்ளே போயிருக்கும். புழுதியில் இருப்பது மணல், அது ரிங்கோடு சேர்ந்து ஸ்லீவைத் தேய்க்கும். மேல் பக்கம் அதிகம் தேய்ந்திருப்பதற்கும் அது பொருந்துகிறது. குழாயைப் புதிதாக, தடித்த ரப்பரில் வாங்குங்கள். முன்பு ஹோஸ் மார்க்கெட்டில் எடுக்கலாம் என்று சொன்னேன், இந்த ஒரு குழாய் மட்டும் கம்பெனியில் இருக்கட்டும். வளைவு சரியாக இருந்தால்தான் இரண்டு பக்கமும் இழுபடாமல் உட்காரும். ஆயில் பாத் கிண்ணத்தைக் கழுவிப் புது ஆயில் விட்டு, குறி வரைக்கும்தான் நிரப்ப வேண்டும்.

கிராங்க்: பிக் எண்ட் பின் மூன்றையும் ஒரே அளவுக்கு 10 தௌ கிரைண்டிங் செய்துவிடுங்கள். ஒன்றை மட்டும் குறைத்தால் ஒரு பின்னுக்கு ஒரு சைஸ், மற்றதுக்கு வேறு சைஸ் என்று ஆகும். பேரிங் செட்டாகத்தான் விற்கிறார்கள், அடுத்த முறை பிரிக்கிறவருக்கும் குழப்பம் வரும். மெயின் ஜர்னல் அளவுக்குள் இருக்கும்போது அதில் கை வைக்க வேண்டாம், பாலிஷ் மட்டும் போதும். மெயினுக்கு ஸ்டாண்டர்ட் பேரிங், பிக் எண்டுக்கு 10 தௌ அண்டர்சைஸ். பில் போடும்போது இதைத் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். இரண்டுக்கும் ஒரே சைஸ் எடுத்து வைத்துவிடுகிற கடைகள் உண்டு.

கிரைண்டிங் கொடுக்கும் முன் வெடிப்பு இருக்கிறதா என்று மேக்னடிக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பின்னின் இரண்டு ஓரத்திலும் ஒரு சின்ன வளைவு இருக்கும், ரேடியஸ் என்போம். கிரைண்டிங் கல்லின் முனையைச் சரியாகத் தீட்டாமல் அந்த வளைவைச் சதுரமாக வெட்டிவிட்டால் பின்னாளில் கிராங்க் அந்த இடத்தில்தான் உடையும். வேலை முடிந்து வந்ததும் நகத்தை விட்டுத் தடவிப் பாருங்கள், வளைவு இருந்தால் நகம் வழுக்கும். ஆயில் துளைகளின் வாயை மழுக்கி, உள்ளே கம்பியும் டீசலும் விட்டுச் சுத்தம் செய்திருக்க வேண்டும். கிரைண்டிங் தூள் உள்ளே இருந்தால் நீங்கள் வாங்கின நல்ல பேரிங்கைத்தான் முதலில் தின்னும்.

பூட்டும்போது பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளி காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து இடைவெளி பாருங்கள். ஜர்னல் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது தோராயமான கணக்கு. இதைச் செய்ய அதிக நேரம் ஆகாது, உங்கள் மெக்கானிக்கிடம் இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள்.

பொள்ளாச்சி டிராக்டர்

ஐயா சொன்ன கிராங்க் விஷயம் புதிது, நன்றி. நான் எல்லாம் கம்பெனி என்று சொல்லி விட்டுவிடுகிறவன், ரேடியஸ் எல்லாம் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. என் மூன்றாவது வண்டி வேலைக்கு வருகிறது, பட்டறையில் நின்று பார்க்கப் போகிறேன். ஆனாலும் நான் சாமானைக் கம்பெனியில்தான் எடுப்பேன். தேடி அலைந்து பெயர் பார்த்து வாங்க எனக்கு நேரமில்லை, ஷோரூமில் ஒரே பில்லில் முடிந்துவிடும்.

திருச்சி போரிங் பட்டறை

அதுவும் நியாயம்தான். உங்கள் மூன்று வண்டிக் கணக்கும் அவருடைய ஒரு வண்டிக் கணக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

மன்னை உழவன்

இறுதியாக இப்படி முடிவு செய்திருக்கிறேன். பேரிங், த்ரஸ்ட் வாஷர், கேஸ்கட் செட், பின்பக்க சீல், ஏர் கிளீனர் குழாய் எல்லாம் கம்பெனி பெட்டியில். நாசில் மூன்றும் பாஷ், பம்ப் கேலிபரேஷனுக்குப் போயிருக்கிறது. பிஸ்டன், ஸ்லீவ், ரிங் மூன்றும் இந்தியா பிஸ்டன்ஸ் சொந்தப் பெட்டியில் ஒரே செட். வால்வு, கைடு, பெல்ட், மற்ற ஹோஸ், வாட்டர் பம்ப் கிட் மார்க்கெட்டில். ஆயில் பம்ப் பழையதே. மெக்கானிக் முதலில் கொடுத்த இரண்டு பட்டியலுக்கும் நடுவில் தொகை வந்து நிற்கிறது, கிராங்க் கிரைண்டிங்கும் பிளாக் வேலையும் சேர்த்தும் முழுக் கம்பெனி பட்டியலைவிடக் குறைவுதான்.

பிஸ்டன்களை எங்கள் ஊர் நகைக்கடையில் நிறுத்துப் பார்த்தோம், மூன்றுக்கும் இரண்டு கிராமுக்குள்தான் வித்தியாசம். உயரமும் பழையதோடு ஒத்துப்போகிறது. ஐயா, பூட்டிய பிறகு எப்படி ஓட்டுவது என்று மட்டும் சொல்லுங்கள். இங்கே சிலர் முதல் நாள் முழுக்க ஐடிலிங்கில் விடச் சொல்கிறார்கள்.

திருச்சி போரிங் பட்டறை

ஐடிலிங்கில் விடாதீர்கள். புது ரிங் ஸ்லீவோடு படிய அழுத்தம் வேண்டும். வெறுமனே ஓடவிட்டால் ஹோனிங் கோடுகள் பளபளப்பாகத் தேய்ந்து, ரிங் படியாமலே போய் மறுபடி ஆயில் குடிக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் டீசலை நிறுத்திவிட்டு, பிரஷர் முள் எழும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒழுகல் பார்த்து, தண்ணீர் சூடேறியதும் வண்டியை வேலைக்கு எடுங்கள். முதலில் டிரெய்லர், காய்ந்த நிலத்தில் லேசான உழவு என்று பாதிச் சுமையில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறக்குவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். 50 மணி நேரம் ஓடியதும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். முதல் ஆயிலில் தேய்மானத் தூள் நிறைய இருக்கும். ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்குவதும் வால்வு இடைவெளி பார்ப்பதும் மேனுவலில் எந்த மணி நேரத்தில் சொல்லியிருக்கிறதோ அப்போது.

ரோப் சீல் போடும் நாளில் சந்தேகம் வந்தால் போட்டோ போடுங்கள், நுனியை எவ்வளவு விட்டு வெட்டுவது என்று சொல்கிறேன்.